ஆறு பேர், ஒரு குழாய், 18 இன்ச்

விமான டிக்கெட் எடுக்கும்போது விலையைப் பார்ப்போம், நேரத்தைப் பார்ப்போம், பெட்டிக்கு எத்தனை கிலோ என்று பார்ப்போம். எந்த விமானம் என்று பார்க்கிறவர்கள் ரொம்பக் குறைவு. ஆனால் சென்னையிலிருந்து டில்லி போய் இறங்குகிறவரை தோள் இடிக்குமா, முட்டி இடிக்குமா என்பதற்கான துப்பு அங்கேதான் இருக்கிறது. பயண விவரத்தின் மூலையில் பொடி எழுத்தில் ஒரு குறியீடு போட்டிருப்பார்கள். 320, 32என், 321, 32க்யூ என்றிருந்தால் ஏர்பஸ் ஏ320 குடும்பம். 738 என்றால் போயிங் 737-800, 7எம்8 என்றால் 737 மேக்ஸ் 8. இ75 என்றால் எம்ப்ரேயர் 175. ஏடி7 என்று வந்தால் அது ஏடிஆர் 72. ஜெட்டே இல்லை, விசிறி வைத்தது, இந்தக் கட்டுரையில் அதற்கு இடமில்லை.

நடுவில் ஒரே நடைபாதை, இரண்டு பக்கமும் சீட். இந்த வகை விமானங்களைப் பொறுத்தவரை ஒரு விஷயத்தை முதலிலேயே பிரித்து வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தெளிவாகிவிடும். தோள் இடிப்பது பெரும்பாலும் விமானத்தைச் செய்தவர் போட்ட கணக்கு. முட்டி இடிப்பது முழுக்க அதை ஓட்டும் நிறுவனம் போட்ட கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘போயிங் மோசம், ஏர்பஸ் நல்லது’ என்று பேசுவதில் பாதிதான் உண்மை.

தோளிலிருந்து ஆரம்பிக்கலாம். 737-இன் உள் அகலம் 3.54 மீட்டர், அதாவது 139 இன்ச் சொச்சம். ஏ320-இன் உள் அகலம் 3.70 மீட்டர், சுமார் 145.5 இன்ச். வித்தியாசம் 16 சென்டிமீட்டர், முக்கால் சாண். இரண்டிலும் ஒரு வரிசைக்கு ஆறு பேர்தான். ஒரு காகிதத்தை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். 737-இல் சீட் ஒன்றுக்கு 17 இன்ச், ஆறுக்கு 102. கை வைக்கும் கட்டைகள் பக்கத்துக்கு நான்காக மொத்தம் எட்டு. ஒன்று 2 இன்ச் என்றால் 16. நடைபாதை 20. கூட்டினால் 138. மிச்சமிருக்கிற ஒரு இன்ச்சைச் சுவரோரம் இரு பக்கமும் பங்கு போட்டால் கணக்கு முடிந்தது. ஏ320-இல் சீட் 18 இன்ச், ஆறுக்கு 108, கட்டைகள் அதே 16, நடைபாதை 19, மொத்தம் 143. இங்கே சுவரோரம் இரண்டரை இன்ச் மிஞ்சுகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்தவருடைய தோளுக்கும் சுவருக்கும் நடுவில் காற்று இருக்கிற மாதிரித் தோன்றுவதற்கு இந்த மிச்சமும் ஒரு காரணம்.

ஒரு இன்ச்சில் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்கலாம். உட்காரும் இடத்தின் அகலத்தை விட்டுவிட்டு, ஒருவர் மார்பின் நடுவிலிருந்து பக்கத்து ஆளின் மார்பு நடு வரை அளந்து பாருங்கள். 737-இல் அது 17-உம் 2-உம் சேர்ந்து 19 இன்ச். ஏ320-இல் 20. வயதுவந்த ஆண்களின் தோள் அகலம் 18, 19 இன்ச் வருவது சாதாரணம். கொஞ்சம் உடற்கட்டு இருந்தால் 20-ஐத் தொடும். ஆக 737-இல் மூன்று ஆண்கள் ஒரே பக்கம் உட்கார்ந்தால் தோளும் தோளும் ஒட்டியே தீரும், யாராவது ஒருவர் உடம்பைச் சாய்த்துக்கொள்ள வேண்டும். ஜன்னல் சீட்காரருக்குச் சாயச் சுவர் இருக்கிறது. ஓர சீட்காரர் நடைபாதைப் பக்கம் சாய்வார். தள்ளுவண்டி வரும்போது முழங்கையில் வாங்கிக்கொள்வார். அந்த வண்டியின் அகலமே சுமார் 30 சென்டிமீட்டர், தள்ளுகிறவரின் இடுப்பு தனி. நடுவில் இருப்பவருக்கு எந்தப் பக்கமும் போக்கிடமில்லை. நடு சீட்காரருக்கு இரண்டு கை கட்டையையும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று பழக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறதே, அது இந்த வடிவக்கணக்கிலிருந்து பிறந்ததுதான்.

ஏன் இந்த வித்தியாசம்? 737-இன் குறுக்களவு 1950-களின் சரக்கு. போயிங் தன் 707-க்கு முதலில் 144 இன்ச் வெளி அகலம்தான் யோசித்திருந்தது. போட்டிக்கு நின்ற டக்ளஸ் நிறுவனத்தின் டிசி-8 அதைவிட அகலம். வரிசைக்கு ஆறு பேரை உட்கார வைக்க வேண்டும் என்று விமான நிறுவனங்கள் கேட்டதும் 148 இன்ச்சாக அகட்டினார்கள். 1958-இல் சேவைக்கு வந்த அந்த 707-இன் மேல்பாதி வடிவத்தையே 727-க்கும், 1967-இல் முதன்முதலாகப் பறந்த 737-க்கும் எடுத்துக்கொண்டார்கள். இன்று நீங்கள் ஏறும் புத்தம்புது மேக்ஸ் விமானத்தின் தோள் அளவு எழுபது வருடத்துக்கு முன்னால் வெட்டிய துணி. ஏர்பஸ்ஸுக்கு அந்தப் பழைய சுமை இல்லை. 1984-இல் ஏ320 திட்டத்தைத் தொடங்கியபோது போட்டி விமானத்தின் அளவு கையில் இருந்தது; 3.95 மீட்டர் வெளி அகலத்தில் விமானத்தின் உடற்குழாயைப் போட்டார்கள். பயணிகளுக்கு ஒரு இன்ச் கூடுதல், கீழே சரக்குக்குப் பெட்டகம் ஏற்றும் வசதி என்று அதில் இரண்டு லாபம்.

ஆனாலும் ஏ320 என்றாலே 18 இன்ச் கிடைத்துவிடும் என்று நம்பிவிட வேண்டாம். ஏறி இறங்கும் நேரத்தைக் குறைக்க நினைக்கும் நிறுவனங்களுக்காக 17 இன்ச் சீட்டும் 25 இன்ச் நடைபாதையும் கொண்ட அமைப்பையும் ஏர்பஸ் முன்வைத்தது. 102, 16, 25 என்று கூட்டினால் அதுவும் 143-தான். குழாய் பெருந்தன்மையாக இருந்தால் மட்டும் போதாது, உள்ளே சீட் போடுகிறவருக்கும் மனசு வேண்டும்.

நம் ஊர் அரசுப் பேருந்தில் ஒரு பக்கம் மூன்று பேர் சீட், மறுபக்கம் இரண்டு பேர் சீட் இருக்கும் அல்லவா, அதே அமைப்புள்ள ஜெட் ஒன்றும் இருக்கிறது: ஏ220. பம்பார்டியர் சி சீரீஸ் என்று கனடாவில் பிறந்து, 2016-இல் சுவிஸ் நிறுவனத்தில் சேவைக்கு வந்து, பிறகு ஏர்பஸ் கைக்கு மாறியது. உள் அகலம் 3.28 மீட்டர், அதாவது 129 இன்ச். வரிசைக்கு ஐந்து பேர் என்பதால் நான்கு சீட் 18.5 இன்ச், நடு சீட் மட்டும் 19. ஆமாம், எல்லாரும் ஒதுக்கும் நடு சீட்தான் இதில் அகலம் கூடியது. அப்படி யோசித்தவருக்கு ஒரு கும்பிடு போடலாம். இன்னும் ஒரு படி மேலே எம்ப்ரேயர் இ-ஜெட் வகை: பக்கத்துக்கு இரண்டு பேர், நடு சீட் என்ற பேச்சே இல்லை, சீட் 18.25 இன்ச். இந்தியாவில் ஸ்டார் ஏர் இந்த 175-ஐ ஓட்டுகிறது. சின்ன விமானம் என்று முகம் சுளிக்கிறவர்கள் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பேசட்டும். அதில் குறை ஒன்று உண்டு: மேலே பை வைக்கும் பெட்டி சிறியது. ஏ320-இல் தாராளமாக நுழைகிற சக்கரப்பெட்டி இங்கே மாட்டிக்கொண்டு நிற்கும்.

அடுத்து முட்டி. இங்கேதான் ‘பிட்ச்’ என்ற சொல் வருகிறது. ஒரு சீட்டின் ஏதாவது ஒரு புள்ளியிலிருந்து அதற்கு முன் சீட்டின் அதே புள்ளி வரை உள்ள தூரம் பிட்ச். கால் வைக்கும் இடம் என்று பலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். முன் சீட்டின் முதுகு எவ்வளவு தடிமன் என்பதும் இந்த எண்ணுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. தரையில் நீளவாக்கில் பதித்த தண்டவாளம் மாதிரியான பட்டைகளில் இன்ச்சுக்கு ஒரு துளை இருக்கும். சீட்டின் காலை அதில்தான் மாட்டிப் பூட்டுகிறார்கள். அதனால்தான் பிட்ச் எப்போதும் 28, 29, 30 என்று முழு எண்ணில் நகர்கிறது. 30 வரிசையிலும் ஆளுக்கு ஒரு இன்ச் எடுத்தால் 30 இன்ச். அதாவது இன்னொரு முழு வரிசை, ஆறு டிக்கெட். 180 சீட் போட்ட ஏ320 எப்படி 186 ஆயிற்று என்பதில் இந்தக் கணக்கும் இருக்கிறது; பின்கோடியில் கழிப்பறைகளையும் சமையல் பகுதியையும் நெருக்கிப் பிடித்த இடமும் இருக்கிறது. கழிப்பறைக்குள் திரும்ப முடியவில்லை என்றால், உங்கள் வரிசையில் கிடைத்த இன்ச் அங்கிருந்து வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்வரம்பு ஒன்றும் உண்டு. பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி 90 விநாடிக்குள் எல்லாரும் வெளியேற முடியும் என்று விமானத்தைச் செய்கிறவர் நிரூபிக்க வேண்டும். கதவுகளின் எண்ணிக்கையும் அளவும்தான் சீட் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு. 737-800-க்கு அது 189. இன்னொரு கணக்கு பணியாளர்களுடையது: 50 சீட்டுக்கு ஒருவர் வேண்டும். 200-ஐத் தாண்டினால் ஐந்தாவது ஆளுக்குச் சம்பளம். 737 மேக்ஸ் 8-200 என்ற வகையை 197 சீட்டோடு ஓட்டுகிறார்களே, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரியும்.

அப்படியானால் 29 இன்ச் பிட்ச் என்பது நல்லதா கெட்டதா? சீட் எந்தக் காலத்தது என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. பழைய சீட்டின் முதுகில் பஞ்சு தடிமனாக இருக்கும். பத்திரிகை, பாதுகாப்பு அட்டை வைக்கும் பை சரியாக முட்டி உயரத்தில் தொங்கும். புதிய மெல்லிய சீட்டில் முதுகு ஒரு வளைந்த பலகை மாதிரி. பை சாப்பாட்டுத் தட்டுக்கு மேலே ஏறிவிட்டது. பிட்ச் ஒரே அளவாக இருந்தாலும் முட்டிக்கு இரண்டு இன்ச் வரை வித்தியாசம் தெரியும். பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் 1989-இல் போட்ட விதி இந்த விஷயத்தில் புத்திசாலித்தனமானது. பிட்ச்சை விட்டுவிட்டு, உங்கள் முதுகு சாயும் மெத்தையிலிருந்து முன் சீட்டின் பின்பக்கம் வரை குறைந்தது 26 இன்ச் வேண்டும் என்றது. கேட்க வேண்டிய அளவு அதுதான்.

உங்கள் அளவை வீட்டிலேயே எடுத்துவிடலாம். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, பிட்டம் சுவரில் படும்படி நிமிர்ந்து உட்காருங்கள். சுவரிலிருந்து முட்டியின் நுனி வரை டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். 60 சென்டிமீட்டர் வந்தால் கிட்டத்தட்ட 23.6 இன்ச். 26 இன்ச் இடைவெளியில் இரண்டு விரற்கடைக்குமேல் மிஞ்சும், பிழைத்தீர்கள். 65 சென்டிமீட்டர் என்றால் 25.6, முன் சீட்டின் முதுகில் முட்டி உரசியபடிதான் பயணம். அப்படிப்பட்டவர்கள் கூடுதல் காசு கொடுத்துக் கால் இடம் வாங்குவதை வீண்செலவு என்று நினைக்க வேண்டியதில்லை. ஆறடிக்குக் கீழே உள்ள பெரும்பாலோருக்கு அது ஆசைக்கு வாங்குவதுதான்.

அமெரிக்காவில் குறைந்தபட்ச அளவு நிர்ணயிக்கச் சொல்லி 2018-இல் சட்டமே போட்டார்கள். அதற்காக ஓக்லஹோமா சிட்டியில் 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் ஆட்களை உட்காரவைத்து வெளியேற்றிப் பார்த்தார்கள். 28 இன்ச் பிட்ச்சிலும் வெளியேறும் வேகம் குறையவில்லை என்று முடிவு வந்தது. ஆனால் சோதனையில் கலந்துகொண்டவர்கள் எல்லாரும் 18 வயதிலிருந்து 60 வயதுக்குள் இருந்த, திடமான ஆட்கள். கைக்குழந்தைக்காரர், ஊன்றுகோல் வைத்த பாட்டி யாரும் அதில் இல்லை.

சாய்வைப் பற்றிக் கொஞ்சம். சாயும் சீட்டில் முதுகின் மேல்முனை இரண்டு மூன்று இன்ச் பின்னால் போகும். சுழலும் அச்சு கீழே இருப்பதால் பின்னால் இருப்பவரின் முட்டிக்கு அதிகம் பாதகமில்லை. முகத்துக்கும் மடிக்கணினிக்கும்தான் ஆபத்து. தட்டில் திறந்து வைத்த கணினியின் மேல்விளிம்பு, தட்டு மடங்கி உள்ளே போகும் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து முன்னால் இருப்பவர் பொத்தானை அழுத்திச் சாய்ந்தால் திரை போயிற்று. கணினியைத் தட்டின் உங்கள் பக்க விளிம்புக்கு இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பல நிறுவனங்கள் சாயாத சீட்டே போடுகின்றன. முதுகைத் தயாரிக்கும்போதே லேசாகச் சாய்த்துவிடுவார்கள். எடை குறைவு, பழுதும் குறைவு. சாயும் சீட்டுக்குள் ஒரு உருளைப் பூட்டு இருக்கிறது, பழுது பார்ப்பவர்கள் ஹைட்ரோலாக் என்பார்கள். அது தளர்ந்தால் சீட் தானாகவே மெல்லப் பின்னால் சரியும். ‘சீட்டை நேராக்குங்கள்’ என்று பணியாளர் மூன்று முறை சொன்னாலும் நிற்காது. நிமிர்ந்து நிற்காத சீட்டில் புறப்படும்போது யாரையும் உட்காரவைக்கக் கூடாது. நிமிர்ந்த நிலையிலேயே இறுகிவிட்ட சீட் என்றால் உட்காரலாம். சரிகிற சீட் வாய்த்தால் கதவு மூடும் முன்பே சொல்லிவிடுங்கள். காலி இடம் இருந்தால் அப்போதுதான் மாற்றித் தருவார்கள்.

இரண்டு மணி நேரம் தாண்டினால் தோளும் முட்டியும் பின்னுக்குப் போய்விடும், பிட்டம் பேச ஆரம்பிக்கும். மெல்லிய சீட்டின் உண்மையான விலை இங்கேதான் தெரிகிறது. சீட்டின் சட்டத்தில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று குறுக்கே இரண்டு குழாய்கள். பஞ்சு புதிதாக இருக்கும்வரை அவை தெரியாது. நாலைந்து வருடம் ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்து எழுந்த பிறகு பஞ்சு அமுங்கி, முன்குழாய் தொடைக்கு அடியில் கம்பி மாதிரி உறுத்தும். உட்காரும் முன் மெத்தையின் முன்விளிம்பை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். குழாய் கையில் தட்டினால் அந்த சீட் ஓய்ந்துவிட்டது. ‘இன்னும் கொஞ்சம் பஞ்சு வைத்தால் என்ன’ என்று தோன்றும். அது இஷ்டத்துக்குச் செய்கிற வேலை இல்லை. 1988-இல் வந்த விதிப்படி சீட் முன்னோக்கி 16 மடங்கு, கீழ்நோக்கி 14 மடங்கு புவியீர்ப்பு விசையைத் தாங்க வேண்டும். கீழ்நோக்கிய மோதலில் முதுகெலும்பில் இறங்கும் சுமை வரம்புக்குள் இருக்க வேண்டும். பஞ்சின் தன்மை மாறினால் அந்தச் சுமையும் மாறும். போதாததற்கு எண்ணெய்ச் சுடரில் காட்டும் தீச்சோதனை வேறு. பஞ்சை மாற்றினால் மறுபடி சோதனை, மறுபடி சான்றிதழ். நம் பங்குக்கு ஒரு சால்வையை மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வதுதான் மலிவான வழி.

காலடியிலும் பாரபட்சம் உண்டு. மூன்று பேர் சீட்டுக்குக் கீழே பொதுவாக இரண்டு கால் சட்டங்கள்தான். நடு சீட்டுக்கு அவற்றுக்கு இடையே உள்ள முழு இடமும் கிடைத்துவிடும். ஜன்னலோரம் சுவர் வளைந்து உள்ளே வரும். நடைபாதை ஓரத்தில் பை நகராமல் தடுக்கும் கம்பி இடத்தைக் குறுக்கும். நடு சீட்டில் மாட்டியவருக்கு ஆறுதல் பரிசு இது. பெரிய முதுகுப்பை வைத்திருப்பவர் ஓர சீட் கேட்டு வாங்கிவிட்டு அது நுழையாமல் திண்டாடுவதற்குக் காரணமும் இதுதான்.

ஜன்னல் சீட் எடுத்தும் ஜன்னல் இல்லாமல் போகிறவர்கள் உண்டு. ஜன்னல்கள் உடற்கூட்டின் வளையங்களுக்கு இடையே வருகின்றன. அந்த இடைவெளி 737-இல் 20 இன்ச், ஏ320-இல் 21. சீட்டோ 29, 30 இன்ச்சுக்கு ஒன்று. ஒத்துப்போக வாய்ப்பே இல்லை. 737-800-இல் இறக்கைக்குச் சற்று முன்னால் இடப்பக்கம் ஓரிடத்தில் ஜன்னலே கிடையாது, வெறும் சுவர். வயிற்றுக்குள் இருக்கும் குளிர்சாதனக் கருவியிலிருந்து காற்றுக்குழாய் அந்தச் சுவருக்குள்தான் மேலே ஏறுகிறது. சீட் அமைப்பைப் பொறுத்து 10, 11, 12 என்று ஏதோ ஒரு வரிசையின் ‘ஏ’ சீட் அதற்குப் பலியாகும். விமானத்தின் வெளிப்படத்தைப் பார்த்தால் ஜன்னல் வரிசையில் விழுந்த பல் மாதிரி அந்த இடைவெளி தெரியும்.

அவசரவழி வரிசைக்குக் காசு கட்டும் முன் ஒரு விஷயம். ஏ320, 737-800 இரண்டிலும் இறக்கை மேல் பக்கத்துக்கு இரண்டு வழிகள், அதனால் அடுத்தடுத்து இரண்டு வரிசைகள். முன்வரிசை சாய்ந்தால் பின்வரிசையின் வழி அடைபடும் என்பதால் முன்னது சாயாது. அதற்கும் முந்தைய சாதாரண வரிசையும் சாயாது. இரண்டில் பின்னதை எடுங்கள். புறப்படும்போதும் இறங்கும்போதும் கீழே பை வைக்க விடமாட்டார்கள். விமானத்தின் முதல் வரிசைக்கு வேறு கதை. மோதலில் தலை சுவரில் அடிக்காமலிருக்க சுமார் 35 இன்ச் இடைவெளி விடுவார்கள், அல்லது இடுப்புப் பட்டையில் காற்றுப்பை வைப்பார்கள். முட்டிக்கு இடம் உண்டு, ஆனால் காலை நீட்டச் சுவர் விடாது. சாப்பாட்டுத் தட்டு கை கட்டைக்குள் மடிந்திருப்பதால் கட்டை தடித்து, உட்காரும் அகலம் குறையும். கட்டையைத் தூக்கவும் முடியாது. இடுப்பு அகலமானவர்கள் முதல் வரிசையைத் தவிர்ப்பது நல்லது.

கடைசி இரண்டு மூன்று வரிசைகளில் வால் குறுகுவதால் சுவர் தோளை நெருக்கும். கழிப்பறை வரிசையும் அங்கேதான், இயந்திரத்தின் பின்னோக்கிய இரைச்சலும் அங்கேதான் கூடுதல். காற்றுக் குலுக்கலில் வால்தான் அதிகம் தூக்கிப் போடும். குலுக்கல் பயம் இருந்தால் இறக்கை மேல், சத்தம் பிடிக்காவிட்டால் இறக்கைக்கு முன்.

சென்னை மாதிரி ஊரில் இன்னொன்று. இயந்திரத்தை முடுக்கும்போது அழுத்தக் காற்று முழுவதும் அதற்குத் தேவைப்படுவதால் ஏ.சி. ஓரிரு நிமிடம் நின்றுபோகும். 737, ஏ320 இரண்டிலும் இப்படித்தான். திரும்ப வந்ததும், ஈரக்காற்றில் குளிர்க்காற்று பட்டு மேலே இருக்கும் துளைகளிலிருந்து வெள்ளையாகப் புகை மாதிரி இறங்கும். அது பனிமூட்டம்தான், வாசனை இருக்காது. ஏ320-இல் அந்தச் சமயத்தில் தரைக்கு அடியிலிருந்து நாய் குரைப்பது போல் விட்டுவிட்டு ஒரு சத்தம் வந்தால் அதற்கும் பயப்பட வேண்டாம். ஒரு பக்க ஹைட்ராலிக் அழுத்தத்தை மறுபக்கத்துக்குக் கடத்தும் கருவி வேலை செய்கிறது.

காசு கட்டி சீட் எடுத்தவர்கள் பயணத்துக்கு முந்தின நாள் சீட் வரைபடத்தை இன்னொரு முறை திறந்து பாருங்கள். கடைசி நேரத்தில் ஏ320-க்குப் பதில் ஏ321-ஐ அனுப்புவார்கள். அதில் கதவுகள் வேறு இடத்தில் இருக்கும், அவசரவழி வரிசையின் எண்ணும் மாறிவிடும். நீங்கள் கூடுதல் பணம் கொடுத்த 13-ஆம் வரிசை அப்போது வெறும் 13-ஆம் வரிசைதான். அனுமதிச் சீட்டு அச்சாவதற்கு முன்பே கவுண்டரில் இதைச் சொல்லி இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். மாற்ற இடமில்லை என்றால் கட்டிய வித்தியாசத்தைத் திருப்பித் தரச் சொல்லி, அதை அங்கேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.